பூனைத் தடம் புலித் தடமான கதை

குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் காடே நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் இல்லை. தாமரைக் குளம் நிறைந்துதான் இருந்தது. ஆனால் அதன் கரையில் ஒரு கழுதைப்புலி குகை பிடித்து உட்கார்ந்துவிட்டது.

"இது என் குளம்! எவன் வாய் வைத்தாலும் கடித்துக் குதறிவிடுவேன்!" என்றது அது. சொன்னதைச் செய்யவும் செய்தது. தூங்கும்போதுகூட அதன் காது தூங்காது. தண்ணீரில் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், பாய்ந்து வந்துவிடும்.

சுருளி என்ற முள்ளெலி காட்டுப்பூனையிடமும் மயிலிடமும் ஓடியது. அதன் குட்டிகள் தாகத்தில் துவண்டு, கூப்பிட்டாலும் அசையாமல் கிடந்தன. நாளைய பகலுக்கு மேல் அவை தாங்காது.

"அந்தத் தடியன் யாருக்குத்தான் பயப்படுவான்?" என்று கேட்டது சுருளி.

"புலிக்கு!" என்றது காட்டுப்பூனை. "புலியின் கால்தடத்தைக் கண்டால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். ஆனால் இந்தக் காட்டில் புலிக்கு எங்கே போக?"

"புலி எதற்கு அக்கா? தடம் போதுமே! உன் காலும் புலியின் காலும் ஒரே வடிவம். அளவுதானே வேறு! நாலு மடங்கு ஆக்கினால் புலித் தடம்!"

மயில் முந்திக்கொண்டது. "படம் போடுவது என் வேலை! விலகுங்கள்!"

"அளந்துகொள், மயிலண்ணே!"

"எனக்கா அளவு? என் கண்ணே போதும்!"

கழுதைப்புலி குறட்டை விட்ட நேரத்தில் மயில் கரைச் சேற்றில் காலால் கீறியது. நீளத்தை நாலு மடங்கு இழுத்தது. அகலத்தை அப்படியே விட்டுவிட்டது. நம் மயிலுக்கு அதுவே பெரிய ஓவியமாகத் தெரிந்தது!

கழுதைப்புலி எழுந்து வந்து பார்த்தது. விழுந்து விழுந்து சிரித்தது. "முருங்கைக்காய்க்கு விரல் முளைத்திருக்கிறதா? என்னையே ஏமாற்றப் பார்க்கிறீர்களா! நாளைக்கு ஒருவரும் இந்தக் காட்டில் இருக்கக் கூடாது!"

மயிலுக்கு முகம் செத்துப்போயிற்று. சுருளிக்கோ கோபம் தலைக்கேறியது. அழுதால் குட்டிகளுக்குத் தண்ணீர் வருமா?

மறுநாள் உச்சிவெயிலில், கழுதைப்புலி தூங்கிய நேரத்தில், சுருளி காட்டுப்பூனையைச் சேற்றில் மெல்ல நடக்கச் சொன்னது. ஒரு கோரைப்புல்லை உள்ளங்கால் நீளத்துக்குக் கடித்து, அதையே நாலு முறை வரிசையாக வைத்துக் குறித்தது. பிறகு அகலம். பிறகு ஒவ்வொரு விரலும். விரலுக்கு விரல் உள்ள இடைவெளியையும் விடவில்லை. குறித்த இடத்தில் மயில் வாயை மூடிக்கொண்டு தோண்டியது.

"முடிந்தது!" என்று கிசுகிசுத்தது மயில்.

"எங்கே முடிந்தது? அடுத்த தடம் வேண்டாமா? பூனை எட்டு வைத்துப் புலி நடக்குமா? காலடிக்குக் காலடி உள்ள தூரமும் நாலு மடங்கு!"

அப்படியே வரிசையாகத் தடம் பதித்தார்கள். காட்டுப்பூனை தன் பங்குக்குக் கொஞ்சம் வாடையையும் தெளித்துவிட்டுப் போனது.

கழுதைப்புலி வந்தது. "மறுபடியும் முருங்கைக்காயா?" என்று இளித்தபடி தன் காலைத் தடத்துக்குள் வைத்தது. கால் காணாமல் போயிற்று! சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த தடத்தைப் பக்கத்தில் தேடியது. இல்லை. தலையைத் தூக்கியது. அதோ, எட்டத்தில்! அதற்கடுத்தது அதே எட்டத்தில்!

"ஐயோ! இது நிஜப் புலி!"

வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு ஓடியது பாருங்கள் ஓட்டம்! குகையில் கடித்து வைத்த எலும்பைக்கூட எடுக்கவில்லை.

காடே குளத்தில் விழுந்தது. சளக், சளக், சளக்! சுருளியின் குட்டிகள் வயிறு புடைக்கக் குடித்தன. "சுருளி! சுருளி!" என்று மயில் அகவிய அகவல் மலைக்கு அப்பாலும் கேட்டது. சுருளிக்குப் பெருமை பொங்கியது. பொங்காதா பின்னே?

ஒன்றைப் பெரிதாக்க நினைத்தால் எல்லாப் பக்கத்தையும் ஒரே மடங்கில் வளர்க்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் நீண்டால் உருவமும் கெடும், ஊரும் சிரிக்கும்.