காவலை நீக்கிய மான்கள்

ஒரு காட்டில் மூன்று புல்வெளிகள் இருந்தன. மூன்றிலும் புள்ளிமான் கூட்டங்கள் குறையில்லாமல் வாழ்ந்துவந்தன. ஆனாலும் மேற்கு வெளியின் தலைவன் நெடுங்கொம்பனுக்கு ஒரே பயம், மற்ற இரண்டு கூட்டங்களும் தன் கூட்டத்தை முந்திவிடுமோ என்று.

அது செம்பி என்ற பெண்மானை அழைத்தது.

"இரண்டு வெளிகளுக்கும் போய் வா. யார் செழிப்பாக இருக்கிறார்கள், எதனால் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

வடக்கு வெளியின் மான்கள் மேற்கு வெளி மான்களைவிடக் கொஞ்சம் தேறியிருந்தன. கிழக்கு வெளியில்தான் செம்பி வாயைப் பிளந்தது. எல்லா மான்களும் கொழுகொழுவென்று இருந்தன. குட்டிகளும் அதிகம்.

"என்ன செய்தீர்கள்?"

"காவலை நீக்கிவிட்டோம். முன்பெல்லாம் பத்துப் பேர் மேயாமல் காவல் நிற்பார்கள். இப்போது எல்லாரும் மேய்கிறோம்."

செம்பி திரும்பிவந்து சொன்னது: "கிழக்கு முதலிடம், வடக்கு இரண்டாவது. நாம்தான் கடைசி."

நெடுங்கொம்பனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நாளை முதல் நமக்கும் காவல் வேண்டாம்."

காவல்மான் கூர்ங்காதன் தயங்கியபடி கேட்டது: "செம்பி, அங்கே சிறுத்தை வராதா?"

"நான் பார்த்தவரை வரவில்லை."

"எத்தனை நாள் பார்த்தாய்?"

"ஒரு பகல்."

"இப்படிக் கேள்வி கேட்டே கடைசியில் நிற்கிறோம்," என்று தலைவன் சீறியது. கூர்ங்காதனும் தலையைக் குனிந்து மேயப் போனது.

மூன்று நாளில் எல்லாருடைய வயிறும் உருண்டு திரண்டது. செம்பிக்கு மட்டும் புல் இறங்கவில்லை. தலையைக் குனிந்தால் பிடரி சிலிர்த்தது. காற்றில் புதர் அசைந்தால் துள்ளி விலகியது. நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல் மறுபடி கிழக்கு வெளிக்கு ஓடியது.

அங்கே போய் நின்ற சற்று நேரத்தில் மரத்தின் மேலிருந்து கரகரப்பாக ஒரு கத்தல் கேட்டது. மான்கள் அத்தனையும் சிதறி ஓடின. புதருக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை ஏமாந்து போய்விட்டது.

"கத்தியது யார்?" என்றது செம்பி, மூச்சு வாங்கியபடி.

"மந்திகள். உச்சிக்கிளையிலிருந்து அவைதான் எங்களுக்காகப் பார்க்கின்றன. அவை இங்கே குடிவந்த பிறகுதான் காவலை நீக்கினோம்."

"அன்றைக்கு இதைச் சொல்லவில்லையே."

"நீ கேட்கவில்லையே."

மேற்கு வெளியில் பெரிய மரம் ஒன்றுகூடக் கிடையாது. செம்பி திரும்பி ஓடியது, முள் கீறியதுகூடத் தெரியாமல்.

வெளி கண்ணில் பட்டது. எல்லாத் தலைகளும் புல்லுக்குள் இருந்தன. ஓடையோரத்தில் மஞ்சளாக எதுவோ ஊர்ந்தது.

"ஓடுங்கள்!" என்று செம்பி அலறியது.

கூட்டம் துள்ளிச் சிதறியது. விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்த கூர்ங்காதன் தலையை நிமிர்த்துவதற்குள் சிறுத்தை அதன் கழுத்தைக் கவ்விவிட்டது.

மறுநாள் பத்து மான்கள் மறுபடி காவல் நின்றன. யாருக்கு முதலிடம் என்று நெடுங்கொம்பன் அதன்பின் கேட்கவில்லை. கூர்ங்காதன் முன்பு காவல் நின்ற இடத்தில் செம்பி நின்றது.

பிறருடைய செழிப்பைக் கண்டு அவர்கள் வழியில் இறங்குமுன், அந்த வழி அங்கே எதை நம்பி நிற்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.