பெண் பார்க்கப் போன சிவப்புக் கார்

உடுமலைப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அங்கே இல்லாத ஸ்பேர் பார்ட்ஸே கிடையாது, மூளை ஒன்றைத் தவிர. நாச்சிமுத்து, சென்னியப்பன், மாரப்பன் என்று மூன்று மெக்கானிக்குகள். மூவரும் ரொம்ப நல்லவர்கள், சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அதுதான் வினையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூபதி தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஓடும்போதே ஆயில் பிரஷர் எச்சரிக்கை லைட் எரிகிறதாம். அன்று சாயங்காலம் அவன் பெண் பார்க்கப் போகவேண்டும். இதுவரை பார்த்த வீடுகளெல்லாம் கைவிரித்துவிட்டன. இந்த வீடு மட்டும் வரச் சொன்னது, அதுவும் தரகர் காரின் போட்டோவைக் காட்டிய பிறகு. கார் போகாவிட்டால் கல்யாணமும் போச்சு.

"கார்லதானுங்க மாப்பிள்ளைக் களையே இருக்குது" என்றான் நாச்சிமுத்து, பூபதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு.

கார் கம்பெனி இன்ஜினியர் ரெஜினாவுக்குப் போன் போட்டார்கள். "முதல்ல ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்றாள் அவள்.

அளவு பார்க்க வண்டியிலேயே ஒரு கம்பி உண்டு. இவர்களுக்கு அதில் திருப்தி இல்லை. ஆயில் முழுவதையும் பக்கெட்டில் இறக்கி, பால்காரரிடம் படி வாங்கி அளந்தார்கள்.

"அளவு சரியா இருக்குதுங் மேடம். ஆனா இப்ப வண்டியில இல்லீங், பக்கெட்ல இருக்குது."

ரெஜினா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. பாவம், அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

"திரும்ப ஊத்துங்க. அந்த லைட்டை எரிய வைக்கிற சென்சரைக் கழட்டிட்டு, அந்த இடத்துல பிரஷர் மீட்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க."

மாட்டினார்கள். பிரஷர் நன்றாகவே இருந்தது.

"அப்ப சென்சர்தான் கோளாறு. பழசை எப்படிக் கழட்டினீங்களோ, அப்படியே புதுசை மாட்டிடுங்க."

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கழட்டறப்ப உன் தலை பானெட்ல இடிச்சுதல்லோ?" என்றான் நாச்சிமுத்து.

"ஆமா, இடது பக்கம்" என்றான் சென்னியப்பன்.

"என் மேல டீ கொட்டுச்சு" என்றான் மாரப்பன். "டம்ளர் காலியாயிருச்சே, இப்ப என்ன பண்றது?"

"இன்னொண்ணு சொல்லு. சூடா இருக்கோணும்."

அப்படியே சென்னியப்பன் இடித்துக்கொண்டான், மாரப்பன் கொட்டிக்கொண்டான், புது சென்சரும் ஏறியது. வேலை சுத்தம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போனை வைக்குமுன் ரெஜினா எச்சரித்தாள்: "இனிமே அந்த லைட் எரிஞ்சா உடனே வண்டியை ஆஃப் பண்ணிடுங்க. மீறி ஓட்டினா என்ஜின் காலி."

சாவியைத் திருப்பினால் எந்தக் காரிலும் அந்த லைட் எரியும். ஸ்டார்ட் ஆனதும் தானே அணைந்துவிடும். பூபதிக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். சாவியைத் திருப்பும்போதெல்லாம் அவன் கண்ணாடியில் தன் மீசையைத்தான் பார்ப்பான்.

நாச்சிமுத்து சாவியைத் திருப்பினான். லைட் எரிந்தது. பதறிப்போய் ஆஃப் செய்தான். இன்னொரு புது சென்சர் மாட்டினார்கள், இன்னொரு டீயும் கொட்டியது. அப்போதும் எரிந்தது.

"ஸ்டார்ட் பண்ணாத்தானே லைட் எரியுது? ஸ்டார்ட்டே பண்ண வேண்டாங்" என்றான் மாரப்பன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பூபதி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார, மூவரும் நாலு தெரு தூரம் தள்ளிக்கொண்டே போய்ப் பெண் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள்.

"சத்தமே இல்லாம வருதுங்களே! ஒசத்தியான வண்டி" என்றார் பெண்ணின் அப்பா. பெண் நிவேதா டிராக்டரே ஓட்டுகிறவள். வேர்த்துக் கொட்டிய மூவரையும் பார்த்துவிட்டு, "சாவியைக் குடுங்க" என்று ஏறி உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பினாள். லைட் எரிந்தது. "அம்மிணி, வேண்டாங்!" என்று மூவரும் அலறினார்கள். அவள் காதில் வாங்காமல் ஸ்டார்ட் செய்தாள். என்ஜின் உறுமியது, லைட் அணைந்தது.

"அவ்வளவுதாங்க, சரியாத்தான் இருக்கு" என்று அவள் முதல்முறையாகப் பூபதியைப் பார்த்துச் சிரித்தாள்.

நாச்சிமுத்துவின் முகம் இருண்டது. "லைட்டே அணைஞ்சு போச்சுங்ணா. பல்பும் போயிருச்சு."

பூபதி ஜன்னல் வழியாகக் கையை விட்டு என்ஜினை அணைத்தான். நிவேதாவைப் பணிவாக இறங்கச் சொன்னான். "பல்பை மாத்திட்டு வந்து பொண்ணு பார்க்கறேனுங் மாமா" என்று கும்பிட்டு ஏறி உட்கார்ந்தான்.

மூவரும் வண்டியைத் திருப்பப் போனார்கள்.

"அட, திருப்பாதீங்கப்பா" என்று அதட்டினான் பூபதி. "பொண்ணு வீட்டுக்கு முதுகைக் காட்டுனா மரியாதையா இருக்குமா? பின்னாலயே தள்ளுங்க."