ஆணையர் கேட்ட சாட்சி

சீட்டுக் கம்பெனிகளைக் கோர்ட்டில் காப்பாற்றியே மதுரையில் பெரிய பங்களா கட்டியவர் வக்கீல் தில்லைநாயகம். அரசாங்கம் அவரையே கூப்பிட்டு, அந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையராக உட்கார வைத்தது.

அவர் குறைகேட்ட முதல் நாளே இட்லிக் கடை சீனியம்மாள் வந்து நின்றாள். அவள் பணம் கட்டிய சீட்டுக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டதில் மகளின் கல்யாணமே நின்றுபோயிருந்தது.

"மோசடின்னு நீ சொன்னா ஆச்சா? கம்பெனியோட உள்விவகாரம் தெரிஞ்ச சாட்சி ஒருத்தரைக் கூட்டிட்டு வா," என்றார் ஆணையர். அப்படி எவரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"இருக்காருங்கய்யா. 'இந்தக் கம்பெனி விவகாரம் அத்தனையும் எனக்கு அத்துப்படி'ன்னு ஜட்ஜு முன்னால என் வாயை அடைச்சவரு."

"யாரது? இப்பவே கூட்டிட்டு வா!"

"நீங்க எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்தாப் போதுங்கய்யா."

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆணையரின் முகம் கறுத்தது. கம்பெனிக்காக வாதாடிய தான் இதை விசாரிப்பது முறையல்ல என்று சொல்லி, மனுவைத் துணை ஆணையருக்குத் தள்ளிவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் சீனியம்மாள் மாடிப்படி ஏறினாள்.

"உட்காருங்கம்மா," என்றார் துணை ஆணையர்.

அவள் உட்காரவில்லை. அன்றைக்குக் கோர்ட்டில் தில்லைநாயகத்தின் பின்னால் நின்று, அவர் காதில் கேள்விகளை ஓதிக்கொடுத்த ஜூனியர் வக்கீல் அவர்தான்.