திரை இறங்காத வெற்றிக் கூத்து

முன்னொரு காலத்தில் என்று தொடங்கும் கதைக்கும் நாள் உண்டு. சித்திரபானு ஆண்டு, கார்த்திகைத் திங்கள் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை முற்பகலில், ஆற்றங்கரை நாடொன்றை ஆண்ட கோதண்டவேள் என்னும் அரசனுக்கு ஓர் ஆசை பிறந்தது. முந்திய மாதம் தான் வென்ற போரைக் கூத்தாக ஆட வேண்டும். அதில் நாயகனாகத் தானே விளங்க வேண்டும்.

அந்நாட்டில் வெற்றிக் கூத்து வெறும் பொழுதுபோக்கன்று. அவையில் ஆடி அரச முத்திரை பெற்ற கூத்தே வரலாறு. நாயகனின் பெயர் கோயிற்சுவரில் ஏறும். பகைவனாக வருபவனின் பெயர் எல்லைக்கல்லில் வெட்டப்படும். வெட்டிய அன்றே அவன் குடும்பத்தோடு நாடு நீங்க வேண்டும்.

எதிரியரசனைப் பகைவனாகக் காட்ட வழியில்லை. அவனோடு உடன்படிக்கை ஆகிவிட்டது. ஆகவே அவைப்புலவர் பொழிலரையர் மருதையன் என்னும் ஓடக்காரனைத் தேர்ந்தெடுத்தார். அவன் வஞ்சகமாக நம் ஓடங்களை அவிழ்த்துவிட்டான் என்றும், அரசர் தனியொருவராக வெள்ளத்தை நீந்திப் பகைவரை விரட்டினார் என்றும் பாடல் கட்டினார்.

ஒத்திகை அன்றே நடந்தது. நாயகனை வரவேற்கும் கோமாளிக்குக் கட்டியக்காரன் என்று பெயர். அந்த வேடத்தை அரண்மனை விகடன் நக்கண்ணன் ஏற்றிருந்தான். மருதையனின் சாய்ந்த தோளை அவன் நடித்துக் காட்டியபோது அவை உருண்டு சிரித்தது. அரசனும் சிரித்தான்.

மறுநாள் காலையில் நக்கண்ணனின் வீட்டு வாசலில் மருதையனின் மனைவி பூவாயி நின்றாள்.

"நேத்து நல்லா ஆடினீங்களாமே, சாமி. எங்க வீட்டுக்காரரு தோளு அப்படித்தான் சாஞ்சிருக்கும். முப்பது வருசமாத் துடுப்புப் போட்ட தோளுங்க."

நக்கண்ணன் உள்ளே வரச் சொன்னான்; அவள் வாசலிலேயே நின்றாள்.

"படை வந்த அன்னைக்கு எங்க வைக்கப்போருக்குள்ள இருந்தவங்க ரெண்டு பேரு. ஒருத்தரு பேரைச் சொன்னா என் நாக்கை அறுப்பாங்க. இன்னொருத்தர்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். ஒரு ஓடமும் கரையில இருக்கக்கூடாதுன்னு உள்ளேயிருந்து கத்துனது யாருங்க? இக்கரை ஓடத்தை அவுத்ததைப் புலவரு பாடிட்டாரு. எங்க வீட்டுக்காரரு அக்கரைக்கு நீந்திப் போயி அவனுக ஓடத்தையும் அவுத்து விட்டாரே, அதை யாரு பாடுவா?"

"பூவாயி..."

"சண்டைக்கு வரலைங்க. எங்களுக்குப் பால்மாடு ஒண்ணு இருக்கு. போகையில அதை ஓட்டிக்கிட்டுப் போக விடுவாங்களா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவள் சொன்னவற்றில் ஒரு சொல்லும் பொய்யன்று. பகைவரின் முரசு கேட்டதும் அரசன் வைக்கோற்போருக்குள் புகுந்து, ஓடங்களை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினான். உடன் புகுந்தவன் நக்கண்ணன். அரசனின் தலைமேல் வைக்கோலை இழுத்து மூடியவனும் அவனே. மூன்று நாழிகை கழித்து வெளியே வந்தபோது ஆற்றில் ஓடமும் இல்லை, அக்கரையில் படையும் இல்லை. அன்றைய நாணத்தை நக்கண்ணன் ஒருவாறு விழுங்கிவிட்டான். மருதையனின் தோளை நடித்த நாணத்தை விழுங்க அவனால் இயலவில்லை.

அவன் நேரே அவைக்குச் சென்றான்.

"அரசே, புலவரின் கூத்தில் பொய் கலந்திருக்கிறது."

அவையில் நக்கண்ணனின் இருக்கை அரசனுக்கு அருகில் இருந்தது. அது பொழிலரையரின் கண்ணில் நெடுநாளாக உறுத்தியது. அவர் எழுந்தார்.

"மேடையில் பொய் ஒன்றும் கூடாது; நாயகரிடம் குறை ஒன்றும் தெரியக் கூடாது. அப்படியொரு கூத்தை விகடரே ஆடிக் காட்டட்டும். இயலாவிட்டால் எல்லைக்கல்லில் ஓடக்காரனின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கும் இடம் இருக்கிறது."

அரசன் நக்கண்ணனின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அவ்வாறே ஆகட்டும். மூன்று நாள் தருகிறோம்."

பதினாறாம் நாள் பிற்பகலில் அவை கூடியது. முறைப்படி இருவர் செந்திரையைப் பிடித்து நின்றனர். அதன்பின் முடியும் தோள்மாலையும் அணிந்த நாயக வேடக்காரன் நின்றான். கட்டியக்காரன் கேள்வி கேட்க, நாயகன் பாட்டால் விடை சொல்ல, அதன்பிறகே திரை இறங்கும். இதுதான் வழக்கம்.

நக்கண்ணன் முன்னே வந்தான். "திரைக்குப் பின்னால் நிற்பவர் யார்?" என்றான். விடை வரவில்லை. மறுபடி கேட்கவில்லை, தானும் திரைக்குப் பின்னால் சென்று மறைந்தான்.

மேடையில் நக்கண்ணன் வரவழைத்திருந்த மருதையன் மட்டும் தனித்து நின்றான். அவன் ஆடத் தெரியாதவன். இடப்பக்கம் ஓடங்களுக்கு ஈடாகக் கட்டியிருந்த ஏழு கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். மேடையின் குறுக்கே, சாய்ந்த தோளோடு, நீந்துபவனைப் போலக் கைகளை வீசி நடந்தான். வலப்பக்கம் கட்டியிருந்த பதினொரு கயிறுகளையும் அவிழ்த்தான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். எவரும் சிரிக்கவில்லை.

"நாயகர் எப்போது வருவார்?" என்று பொழிலரையர் கத்தினார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "மூன்று நாழிகை ஆகும், புலவரே."

அரசன் சட்டென நிமிர்ந்தான்; பொழிலரையரோ மேடையை நெருங்கினார்.

"திரையை இறக்குங்கள்!" என்றார் பொழிலரையர்.

"இறக்கினால் குறை தெரியும். வேறு ஏதேனும் பாடி மழுப்பினால் பொய்யாகும். இரண்டும் கூடாது என்றவர் தாங்களே அல்லவா?"

பொழிலரையர் அரசனிடம் திரும்பினார். "தாங்களே ஆணையிடுங்கள், அரசே! தங்கள் திருவேடத்தை அவை காணட்டும்!"

அவை முழுவதும் அரசனைப் பார்த்தது. மேடையிலிருந்து மருதையனும் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அரசனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வேண்டாம்," என்றான் கோதண்டவேள். "திரை இருக்கட்டும்."

பிறகு சிரித்தான். உரக்கவே சிரித்தான், ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. தலை கவிழ்ந்தபடியே கேட்டான்:

"நக்கண்ணா, அந்த வைக்கோல் இன்னும் குத்துகிறதா?"

"முதுகில் குத்தவில்லை, அரசே."

"எமக்கும் முதுகில் இல்லை."

பொழிலரையருக்கு அப்போதுதான் விளங்கியது. தாம் எழுதியது பொய் என்பது அவருக்கு முன்பே தெரியும். யாருடைய அச்சத்தை மூடுவதற்கு எழுதினோம் என்பதுதான் தெரியாதிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை முடிவானவை இவை. மருதையன் ஆடியதற்கே முத்திரை இடப்பட்டது. அவன் பெயர் கோயிற்சுவரில் ஏறியது. எல்லைக்கல் வெட்டப்படாமல் நின்றது. பொழிலரையரின் ஏடுகள் எரிக்கப்படவில்லை. அவரிடமே திருப்பித் தரப்பட்டன. நக்கண்ணனுக்கு அரசன் பொன்மாலை அளித்தான். அவன் அதை வாங்கவில்லை. சித்திரை முடியும்வரை ஒவ்வொரு சந்தை நாளிலும் ஓடத்துறையில் நின்று, மருதையனைப் பழித்து ஆடியது தன் பிழை என்று ஊரார்முன் சொல்ல இசைவு கேட்டான். அரசன் இசைந்தான். ஒருநாள் தானும் வந்து பக்கத்தில் நிற்பதாகச் சொன்னான். மாசித் திங்களில் ஒருநாள் வந்தும் நின்றான். பூவாயியின் மாடு எங்கும் ஓட்டிச் செல்லப்படவில்லை.