கழுவிய நீர்

ஐப்பசி மூன்றாம் வாரம், பிற்பகல் நான்கு மணி. மழை இருட்டால் வேளாண் கல்லூரியின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் அப்போதே விளக்குகள் எரிந்தன. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு இன்னாசி உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். நெறியாளர் நசீமா அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

“ஒரு வரிதானே சார் பாக்கி? நாலு நாளாச்சு. இந்த வேகத்துல போனா நான் ரிட்டையர் ஆயிடுவேன்.”

இன்னாசி சிரிக்கவில்லை. “அந்த வரிய என்னால எழுத முடியல, மேடம்.”

எழுத வேண்டியது இதுதான். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழைகள் நேரும். அவற்றைத் திருத்த அதனிடம் ஒரு மரபணு உண்டு. அந்த மரபணுவே பழுதான பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள் பிழைகளோடு பிறந்தன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அவற்றுள் சில, நெல்லின் வேரை மற்ற எல்லாவற்றையும்விட இறுகப் பற்றின. பதினோரு மாத உழைப்பின் முடிவு: பழுது நன்மை செய்தது.

“நன்மைன்னு எழுத வரலையா?”

“வரல.”

நசீமா தயங்கினார். இன்னாசியின் மகள் அமலிக்கும் அப்படியொரு பழுது இருந்தது அவருக்குத் தெரியும். வெயில் பட்டுத் தோலில் நேரும் கேட்டைத் திருத்திக்கொள்ள அந்தப் பிள்ளையின் உடலால் இயலவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய வீட்டில் ஒன்பது வயதுவரை இருந்தாள். பிறகு இல்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கலேன்னா பதிவு ரத்தாயிடும். தெரியும்ல?”

“தெரியும். பொய்யா இருந்தா கிழிச்சுப் போட்டுடுவேன். உண்மையா இருக்கே, மேடம். அதத்தான் தாங்க முடியல. அந்தப் பழுது எப்படி ஒரு உயிருக்கு நல்லது செய்யும்?”

நசீமா எழுந்துபோய், வளர்ப்பறையிலிருந்து பழுதான பாக்டீரியா வைத்த ஒரு நெல் நாற்றை எடுத்துவந்தார். சோதனைக்குழாயிலிருந்த தூய நீரில் வேரை மூன்று முறை அலசினார். வேரைத் தட்டில் வைத்துவிட்டு, கலங்கிய நீரை இன்னாசியிடம் நீட்டினார்.

அந்த ஆய்வகத்தில் வேரில் தங்கியதை மட்டுமே எண்ணுவது வழக்கம். கழுவிய நீர் கிருமிநாசினி வாளிக்குப் போகும். இன்னாசி கைப்பழக்கத்தில் வாளியை நோக்கி நடந்தார்.

“எங்க போறீங்க?”

“கொட்ட.”

“எத்தன வாரமா கொட்டுறீங்க?”

“நாப்பத்தாறு.”

“இன்னிக்கு எண்ணுங்க.”

நசீமா அலமாரியைத் திறந்து, உறை பிரிக்காத சாயப் புட்டி ஒன்றைக் கொடுத்தார். அந்தச் சாயத்தில் உயிருள்ளவை பச்சையாகத் தெரியும், செத்தவை சிவப்பாக. இன்னாசி ஒரு சொட்டு நீரில் சாயம் கலந்து, நுண்ணோக்கியில் கண் வைத்தார். வெளியே மழை வலுத்தது. நடுவில் இன்னொரு நாற்றை அலச எழுந்ததைத் தவிர, ஆறரை மணிவரை அவர் தலை நிமிரவில்லை.

“என்ன தெரியுது?”

“சிவப்பு.”

“பச்சை?”

“தேடினா இருக்கு.”

“பழுதில்லாத பாக்டீரியா வச்ச நாத்து? அதோட நீரையும் பாத்தீங்களா?”

“பாத்தேன். அங்க சிவப்பு பத்தோ பதினஞ்சோதான்.” இன்னாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க நானூறு எண்ணிட்டேன். ஒரு மூலைகூட முடியல.”

“வேரப் பிடிச்சும் நிக்க முடியாம விழுந்ததா?”

“இல்ல மேடம். வேர் வரைக்கும்கூட வந்திருக்காது.” இன்னாசி வாளியைப் பார்த்தார். “இத்தனையும் வாளியில கொட்டிட்டு, நல்லதுன்னு எழுதப் பாத்தேனே. அது யாருக்கு நல்லது?”

நசீமா விளக்கின் சாய்வைச் சரிசெய்தார்.

“வேர்ல நின்னத யார் வேணும்னாலும் எண்ணுவாங்க, சார். நீங்க ஏன் நானூறோட நிறுத்திட்டீங்க?”

இன்னாசி கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆய்வேடு அலுவலகத்துக்குப் போனது. அதில் கடைசி வரி இருந்தது; அதன் கீழே, கழுவிய நீருக்கென்று ஓர் அட்டவணை கூடியிருந்தது. சாயத்துக்கான பணத்தைக் கார்த்திகை முதல் வாரம் நசீமா தம் சம்பளத்திலிருந்து கட்டினார். செத்தவற்றை எண்ணுவதற்கென்று ஆய்வு நிதியில் ஒரு தலைப்பு இல்லை.