வட்டக்குறிச்சியின் தானியங்கித் தண்ணீர்த் தொட்டி

வட்டக்குறிச்சிக்காரர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதனால்தான், நவீன நகரத் திட்டத்தில் அவர்கள் பேரூராட்சியும் சேர்ந்துவிட்டது என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கம்பெனி எஞ்சினியர் வந்தார். அலுவலகத்து அறையில் பெரிய திரையை மாட்டினார், மேல்நிலைத் தொட்டிக்குள் ஏதோ கருவியைப் பொருத்தினார். "தொட்டி நிறைஞ்சதும் ஊர்க் குழாயெல்லாம் தானாத் திறக்கும். எல்லாத்தையும் மெஷின் பாத்துக்கும். இந்த ரூம்ல யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

யாரும் எதையும் தொடவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்சும் அந்த அறையில்தான் இருந்தது. காலையில் தவறாமல் அதைப் போட்டுவந்த ஆபரேட்டர் கோவர்த்தனன், இப்போது கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். தொட்டி வற்றியது. 'தொட்டி காலி. நிரப்பவும்' என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்க எஞ்சினியர் போன் செய்தார். போனும் அதே அறையில்தான் இருந்தது. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

கவலையெல்லாம் கவுன்சிலர் உலகாத்தாளுக்குத்தான். மகள் பொற்கொடிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். குழாயில் தண்ணீர் வருகிற ஊரில்தான் பெண் எடுப்போம் என்று மாப்பிள்ளையின் அப்பா சடையாண்டி கறாராகச் சொல்லியிருந்தார். குழாயைப் பார்த்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் கால் வைப்பாராம். பாவம், பெற்றவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"சுவிட்சைக் குச்சியால தட்டலாமா தலைவரே?" என்றார் கோவர்த்தனன்.

தலைவர் மாசிலாமணி கண்ணை மூடி யோசித்தார். "குச்சி யார் கையில இருக்கும்?"

"என் கையிலதான்."

"அப்ப நீ தொட்ட மாதிரிதானேப்பா."

"குச்சியைத் தூக்கி எறிஞ்சா?"

"அது தொட்டதாகாது, சரிதான். ஆனா குறி தப்பித் திரையில பட்டா யாரு பதில் சொல்றது?"

உலகாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மெஷினே வழி சொல்லுது தலைவரே, நாமதான் கவனிக்கலை. நிரப்பச் சொல்லுது. நிரப்பிடுவோம்."

தொட்டியின் காலடியிலேயே ஊர்ப் பொதுக்கிணறு தளும்பிக் கிடந்தது. ஊரே குடத்தோடு வந்து, மொண்டு மொண்டு ஏணியில் ஏறியது. பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. கீழே நின்று மேற்பார்வை பார்த்த தலைவர் தொப்பலாக நனைந்து, "எங்கேயோ கசிவு இருக்கு, குறிச்சுக்குங்க" என்றார். தாகத்தில் ஒருவர் குடத்திலிருந்து ஒரு வாய் கேட்டார். "குழாய்ல வரட்டும், குடிக்கலாம்" என்று அதட்டி, அவரையும் மேலே ஏற்றிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கவும், தொட்டி நிறையவும் சரியாக இருந்தது. மண்டபத்து வாசல் குழாய் தானாகத் திறந்து கொட்டியது. சடையாண்டி கைநிறைய ஏந்திக் குடித்துவிட்டு, திருப்தியாக உள்ளே போனார். தாலி ஏறியது. உலகாத்தாள் நிம்மதியாக அழுதார்.

பந்தி முடிவதற்குள் தொட்டி மறுபடி காலி. திரை மறுபடி சிவப்பு. சாப்பிட்டுக் கை கழுவிய சம்பந்தி வீட்டாரும் ஆளுக்கொரு குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டார்கள். ஏணியில் பாதி ஏறியதும் சடையாண்டி பெருமூச்சு விட்டார்.

"எங்க ஊருக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வேணும் சம்பந்தி. ஆனா எங்க கிணத்துல அவ்வளவு தண்ணி இல்லையே."

"கிணறு எதுக்குங்க? அதான் குழாய்ல வருமே. அதைப் பிடிச்சு மேல ஊத்துங்க" என்றார் உலகாத்தாள்.

சடையாண்டி குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டார். "அதுவும் சரிதான். ஊருக்குப் போனதும் முதல் வேலையா அந்தக் கிணத்தை மூடிடறோம்."