இம்பூறல் மணலில் படுத்த கதை

அந்தக் காலத்தில், செடிகளும் பறவைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, இம்பூறல் செடி இடுப்பு உயரம் வளர்ந்து நின்றது. கடலோர மணல்மேடு முழுக்க அதன் வெள்ளைப் பூதான். வேரை வேகவைத்தால் சிவப்புச் சாயம் இறங்கும். நெசவாளர்கள் அந்த வேரை வாங்கிக்கொண்டு நெல் அளந்து கொடுப்பார்கள். மேட்டுக்கு வடக்கே ஓர் ஊர், தெற்கே ஓர் ஊர். இரண்டு ஊருக்கும் இந்த வேர்தான் சோறு போட்டது.

வேர் எடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. காய் முற்றிய பிறகே செடியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய குழியிலேயே காயை உதிர்த்து, குதிகாலால் மணலைத் தள்ளி மூட வேண்டும். அடுத்த மழைக்கு அங்கே புதுச்செடி எட்டிப் பார்க்கும்.

வடக்கூரில் குருந்தாயி என்று ஒருத்தி. கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். வானம் வெளுத்திருந்தால் மழை வராதோ என்பாள், கறுத்திருந்தால் வெள்ளம் வருமோ என்பாள். ஒரு வருஷம் பூப்பூக்கும் பருவத்தில் மேட்டின் தெற்குச் சரிவில் நாலைந்து குழிகளைப் பார்த்துவிட்டாள். எல்லாம் நண்டு தோண்டிய குழிகள். கவலை பிடித்த கண்ணுக்கு நண்டாவது ஒன்றாவது.

"தெக்கூர்க்காரிக நமக்கு முந்தித் தோண்டுறாளுக. காய் முத்துற வரைக்கும் காத்திருந்தா நமக்கு மண்ணுதான் மிச்சம்" என்று ஊரைக் கூட்டினாள்.

மறுநாளே வடக்கூர்ப் பெண்கள் பூவும் பிஞ்சுமாகச் செடிகளைப் பிடுங்கினார்கள். அதைப் பார்த்த தெற்கூர் சும்மா இருக்குமா? அவர்களும் இறங்கினார்கள். குழியை மூட யாருக்கும் நேரமில்லை. மூன்றே வருஷத்தில் மேடு மொட்டையானது, நெல் வருவது நின்றது. குருந்தாயியின் பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தார்கள். தன் வாயால் வந்த வினை என்று அவளுக்குத் தெரியும். அது அவளை உள்ளுக்குள் அரித்தது.

நாலாம் வருஷம் வேர் தேடி அலைந்தவள் கண்ணில், தாழம்புதருக்குப் பின்னால் ஒரே ஒரு செடி பட்டது. தோண்டும் கம்பியை ஓங்கினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கம்பி நீண்டது. நீட்டியவள் தெற்கூர்ப் பேச்சி.

செடி வெடவெடவென்று நடுங்கியது. "நான்தான் கடைசி. ஒன்பது நாள் பொறுங்கள், காய் முற்றட்டும். இப்போதே பிடுங்கினால் இனி இந்தக் கரையில் இம்பூறலே கிடையாது" என்றது.

"நான் பொறுத்துக்கிருவேன். நீ பொறுப்பியா?" என்றாள் குருந்தாயி.

"அதை நான்ல உங்கிட்ட கேக்கணும்" என்றாள் பேச்சி.

செடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, மடியில் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி எழுந்தால் மற்றவளும் எழுந்தாள். ஒருத்தி கண்ணயர்ந்தால் போச்சு என்று இருவருமே கண்ணைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தேகத்தில்தான் செடி பிழைத்துக் கிடந்தது.

ஆறாம் நாள் ஒரு கடற்காக்கை பறந்து வந்தது. "குருந்தாயி, உன் சின்னவளுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. உன்னைத்தான் கூப்பிட்டு அனத்துகிறாள்."

போனால் செடி போகும், இருந்தால் பிள்ளை போகும். குருந்தாயி பேச்சியின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ. பிள்ளையைப் பாரு" என்றாள் பேச்சி.

குருந்தாயி போனாள். பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி வைக்கும்போதெல்லாம் காதில் கம்பி மணலில் இறங்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. விழுந்தடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள்.

தாழம்புதருக்குப் பின்னால் செடியைக் காணவில்லை. பேச்சி மட்டும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"பாவி, தோண்டிட்டியா?"

"நான் தொடல. நீ அங்கிட்டுப் போனதும் நான் ஒத்தையில கம்பியோட இருக்கறதப் பாத்துப் பயந்து அதுவா படுத்துக்கிருச்சு. கம்பியைக் கடல்ல வீசிட்டேன். அப்பவும் எந்திரிக்கல."

குருந்தாயி முழங்காலிட்டுப் பார்த்தாள். மணலோடு மணலாய் ஒட்டிக் கிடந்தது செடி. காய் முற்றியிருந்தது. வேரை இருவருமே தொடவில்லை. காயை உதிர்த்து மேடெங்கும் தூவி, குதிகாலால் மூடினார்கள். பயந்த செடியின் பிள்ளைகளும் படுத்தே முளைத்தன.

அன்று முதல்தான் இம்பூறல் அங்கொன்றும் இங்கொன்றுமாய், மணலில் பதுங்கிப் படர்கிறது. அன்று முதல்தான் வேர் எடுக்கப் போகும் பெண்கள் ஊருக்கு ஒருத்தியாக இரண்டு பேராய்ப் போகிறார்கள். கம்பியை ஊன்றுமுன் குனிந்து, "ரெண்டு பேருமே வந்திருக்கோம்" என்று சொல்கிறார்கள். செடி இன்னும் எழுந்திருக்கவில்லை.